மூன்றாம் தொட்டியின் விளக்கு

1

இந்தத் தீவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் நிறைந்த நாளில் நான் ஏழு மீன்களைக் கொன்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கொன்றது நான்தான், அதில் சந்தேகமே இல்லை.

சூலூரிலோ துடியலூரிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. இங்கே ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ஒன்பது மணிக்குத் திரும்புவேன். தீனி போடவேண்டும், தண்ணீரின் குளிரை அளந்து எழுதவேண்டும், பாசியைச் சுரண்டவேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மொத்தம் ஆறு தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே வகை மீன், ஃப்ளவுண்டர். நம் பக்கத்து மீன் கடையில் கிடைக்கும் நாக்கு மீன் போலத் தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். மணலில் படுத்துக்கொண்டு நம்மையே முறைக்கும். டிசம்பர் பிறந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்வித்து, கடைசியில் பொடி ஐஸை அள்ளிக் கொட்டுவது சோதனை. இந்த மீனுக்கு அது ஒன்றும் கொடுமை இல்லை, வெளியே கடலில் வருஷா வருஷம் அப்படித்தான் வாழ்கிறது.

அன்றைக்கு வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷக் கணக்குக்குக் கேசரி கிளறிக் கொடுத்திருந்தார். அந்த டப்பாவோடு தொட்டி அறைக்குள் போனேன். ஐந்து தொட்டிகளில் மீன்கள் வழக்கம்போல முறைத்தன. மூன்றாம் தொட்டியில் ஏழும் அசையவில்லை. கையுறை போட்டு ஒன்றைத் தூக்கினேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. செவுளோரம் வெள்ளை பூத்திருந்தது. கேசரி டப்பாவை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

2

மீன் எப்படி உறையாமல் இருக்கிறது என்பதை நான் கோயமுத்தூரில் எம்.எஸ்.சி. உயிர்வேதியியல் படித்தபோதே படித்தவள். பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வியாக வந்தது, எழுதி வாங்கியும் விட்டேன். அந்தப் பட்டத்தை இந்த ஊரில் யாரும் சீந்தவில்லை. ஒன்பது வருஷம் மீன் பதப்படுத்தும் ஆலையில் நின்றபடி மீன் அரிந்தேன். "பட்டம் வாங்கிப்போட்டு மீன் அரியறதுக்கா கண்ணு ப்ளேன் ஏறிப் போனே?" என்று அம்மா போனில் சிரிப்பாள். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

விஷயம் இதுதான். கடல் தண்ணீர் உப்பானது. அதனால் பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட இரண்டு டிகிரி வரை உறையாது. மீனின் ரத்தத்தில் அவ்வளவு உப்பு இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரியை எட்டுவதற்கு முன்பே அது உறைந்துவிட வேண்டும். ஆக, குளிர்காலக் கடலில் இந்த மீன் இருக்கிற இடமே அதைக் கொல்லப் போதும். ஒரு துளி ஐஸ் செவுள் வழியாக உள்ளே போனால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுக்க உறைந்து முடிந்துவிடும்.

அப்படி உறையாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு புரதம். உறைதடுப்புப் புரதம் என்று நாங்கள் எழுதினோம். இந்த மீனின் ஈரல் அதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. பார்த்தால் அப்படியொன்றும் பெரிய வேலைப்பாடு இல்லை. நீளமான ஒற்றைச் சுருள், அவ்வளவுதான். அந்தச் சுருளின் ஒரு பக்கம் மட்டும் சமமாக இருக்கும். அந்தப் பக்கம் பனிப்படிகத்தின் முகத்தில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். இங்கொன்று அங்கொன்றாகப் பல சுருள்கள் உட்கார்ந்துவிட்டால், நடுவில் இருக்கும் சந்துகளில் மட்டும்தான் ஐஸ் பிதுங்கி வளரப் பார்க்கும். அப்படிப் பிதுங்கி வளர்வது கஷ்டம். அதனால் நின்றுபோகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் புரதம் ஐஸைக் கரைப்பதில்லை. மீனைச் சூடாக்குவதும் இல்லை. ஐஸ் உள்ளேயே இருக்கும், மீனும் அதோடு நீந்திக்கொண்டிருக்கும். படித்த வயதில் இதை மனப்பாடம் செய்தேனே தவிர யோசிக்கவில்லை. இப்போது யோசிக்காத நாளில்லை.

3

எனக்குத் தினமும் காலை ஒன்பது மணி என்றால் சூலூரில் சாயங்காலம் ஆறு. இங்கே நவம்பரில் நேரத்தைத் தள்ளி வைத்த பிறகு அங்கே ஐந்தா, ஆறா என்று நானே குழம்புவேன், வீட்டுக்காரர்தான் விரல் விட்டுச் சொல்வார். எப்படியோ, அம்மா விளக்குப் பொருத்துகிற நேரம் அது. தம்பி செந்தில் போனைப் பிடித்துக்கொள்வான். அம்மா முதலில் கேட்பது சோறு தின்றாயா என்று இல்லை.

"நேத்துப் பொழுதோட வெளக்குப் போட்டியா கண்ணு?"

"போட்டனுங்கம்மா."

"உசுரு இருக்கற எடம் கருக்கல்ல இருண்டு கெடக்கப்படாது."

இந்த ஒன்றில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். அப்பாவும் அம்மாவும் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அம்மாவுக்குக் குரலே அப்படி ஆகிவிட்டது. காதோடு ரகசியம் சொன்னாலும் ஊர்க் கோடியில் இருக்கும் விமானப்படைத் தளம் வரைக்கும் கேட்கும். இந்த நாலைந்து மாதமாக அந்தக் குரல் தணிந்துபோனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் கெட்டுவிட்டது என்று தம்பியைத் திட்டினேன். புதுப் போன் வாங்க வைத்தேன்.

தலையில் எப்போது பார்த்தாலும் துண்டு. "தலைக்கு ஊத்தினாங்க அக்கா, ஈரமுங்க" என்பான் தம்பி. செவ்வாய் வெள்ளி தவிர அம்மா தலைக்குக் குளித்து நான் பார்த்ததில்லை. அப்படியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதாக ஒன்றைச் சொன்னால் நம்பிக்கொள்வதற்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது!

ஆவணியில் ஒரு நடை வந்து போகலாமா என்று கேட்டேன். "இப்ப எதுக்குங்க அக்கா, தைப்பூசத்துக்கு வந்தாப் போதுங்க. சென்னிமலைக்கு எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றான். சரி, நிதானமாகப் போகலாம் என்று காலாவதியாகப் போகிற பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பினேன். அது ஒரு தனிக் கூத்து. போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பினார்கள். பின்னால் நிழல் விழுகிறது என்று இன்னொரு தடவை. அப்பாவின் பெயர் என் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயராக நிற்பதால், இந்த ஊரில் பாங்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் என்னை "மிஸஸ் ஆறுமுகம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் அந்த அலுவலகத்தின் தொலைபேசியில் ஒரு பெண் கேட்டாள்: "ஆறுமுகம் என்பது நீங்களா, உங்கள் கணவரா?" என் அப்பா, இறந்துவிட்டார் என்றேன். "அப்படியானால் அவருடைய கையெழுத்து வேண்டாம்" என்றாள், எனக்குச் சலுகை காட்டுகிற குரலில்.

அப்பா போய் நான்கு வருஷம். "அப்பாவுக்கு சீரியஸுங்க அக்கா, கெளம்பி வாங்க" என்று தம்பி சொன்னான். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் நம்பினேன். மூன்று விமானம் மாறினேன், கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன், ஒரு சினிமாகூடப் பார்த்தேன். கோயமுத்தூரில் இறங்கி வீதி முனையில் பந்தலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அப்பா செத்துக் கிடக்கும்போது நான் சினிமா பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காரியம் முடிந்ததும் தம்பியின் கையில் திருநீறைக் கொட்டிச் சத்தியம் வாங்கினேன். இனி எதையும் மறைக்கக் கூடாது. சென்னிமலை முருகன்மேல் ஆணையாக மறைக்க மாட்டேன் என்றான்.

4

மீன்கள் செத்த மறுநாள் மார்கரெட் ரத்தத்தைச் சோதித்தார். மார்கரெட் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. அறுபதைத் தாண்டியவர், இந்தத் தீவிலேயே பிறந்தவர், கோபம் வந்தால் குரல் உயராது, மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றுவார்.

முதலில் ஐந்தாம் தொட்டி மீனின் ரத்தநீரில் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் குளிர்வித்து என்னைப் பார்க்கச் சொன்னார். நடுவில் பொட்டளவு பனிப்படிகம். குளிர் இறங்க இறங்க அது கூர்மையாக ஆனதே தவிர வளரவில்லை. பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். பிறகு மூன்றாம் தொட்டித் துளியை வைத்தார். படிகம் ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி கண்ணுக்குத் தெரிந்த இடம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

"இந்த மீன்கள் புரதத்தைச் செய்யவே ஆரம்பிக்கவில்லை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீனி. மூன்றாம் தொட்டிக்கு மட்டும் என்ன நடந்தது?" என்றார்.

தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியாது. அவர் அறையைச் சுற்றி வந்தார். டைமரைப் பார்த்தார், சரியாக இருந்தது. தொட்டிகளுக்கு மேலே இருக்கும் விளக்குகள் வெளியே பொழுது எப்போது விடிந்து எப்போது சாய்கிறதோ அதன்படியே எரிந்து அணையும். டைமரைத் தொடக் கூடாது என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். நான் தொட்டதும் இல்லை. கடைசியில் என் மேஜைக்கு வந்தார். மேஜை மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில். அதன்மேல் சென்னிமலை முருகனின் சின்னப் படம். படத்துக்கு முன்னால் ஒரு குட்டி மேஜை விளக்கு.

"இதை எப்போது போடுவாய்?"

கேட்டதும் என் கண் தொட்டிப் பக்கம் போனது. செப்டம்பரிலிருந்து பொழுது சாய்ந்து டைமர் விளக்கு அணைந்ததும் நான் அதைப் போடுவேன். உயிர் இருக்கிற இடம் கருக்கலில் இருண்டு கிடக்கக் கூடாதே. திரி ஏற்ற அனுமதி கிடையாது என்பதால் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய விளக்கு. ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது அணைப்பேன். மீன்கள் அந்த வெளிச்சத்துப் பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். பாவம், அவற்றுக்கும் துணையாக இருக்கட்டும் என்று தொட்டிப் பக்கமாகவே திருப்பி வைத்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். எப்போதாவது போடுவேன் என்று மழுப்ப நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பலகை மீனைத் தூக்கிய கை இன்னும் சில்லிட்டுத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

மார்கரெட் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

"குளிர் வந்த பிறகு இந்த மீன் தயாராவதில்லை. அப்போது தயாராக நேரம் இருக்காது. பகல் சுருங்குவதை வைத்துத்தான் அதற்குத் தெரியும். பகல் நீளமாக இருக்கும் வரை வளர்ச்சி ஹார்மோன் அந்தப் புரதத்தைச் செய்யவிடாமல் தடுக்கும். இருட்டு சீக்கிரம் வரத் தொடங்கினால்தான் தடை விலகும், ஈரல் வேலையை ஆரம்பிக்கும். நீ தினமும் நாலைந்து மணி நேரம் கோடையை நீட்டிக் கொடுத்திருக்கிறாய். அவற்றுக்குச் சேதியே போகவில்லை."

"நல்லதுக்குத்தான் செய்தேன்" என்றேன். சிறுபிள்ளை மாதிரிச் சொன்னேன்.

"தெரிகிறது" என்றார். "ஆனால் இருட்டு அவற்றுக்குத் தேவைப்பட்டது." அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிவிட்டுப் போனார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூட அந்த அறிக்கையை எழுதுகிற அவமானத்தைவிடத் தேவலாம் போல இருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் எதற்கு விளக்குப் போட்டேன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

5

மறுநாள் சனிக்கிழமை. மகள் மகி வீட்டில் இருந்தாள். பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தையில். வெளியே பனி கொட்டும்போது அரைக்கை பனியனோடு திரிவாள். அம்மாவோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது பால் கிண்ணத்தோடு பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "ஹாய் அம்மாயி" என்று பாட்டிக்குக் கையாட்டிவிட்டு நகர்ந்தாள். அம்மா சிரித்தாள். வழக்கம்போல விளக்கைக் கேட்டாள். போட்டேன் என்றேன். மீன் கதையைச் சொல்லவில்லை, வருத்தப்படுவாள் என்று.

போனை வைத்ததும் மகி சொன்னாள். "அம்மாயிக்குப் புருவமே இல்லையே, ஏன்?"

"வெளிச்சம் சரியில்லை. அங்கே சாயங்காலம்."

"இல்லம்மா. இமை முடியும் இல்லை." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என் ஃப்ரெண்டோட அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது."

மேலே அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டு, குரல், தைப்பூசம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நாலைந்து மாதமாகத் தினமும் பார்த்த முகம். மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவள் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுபடி கூப்பிட்டேன்.

"என்னங்க அக்கா, இப்பத்தான பேசுனீங்க?"

"அம்மாவுக்கு என்ன தம்பி?"

"அம்மாவுக்கு என்னங்க, நல்லாத்தான இருக்கறாங்க. கொஞ்சம் தலவலி..."

"டேய், நான் ஏழு மீனக் கொன்னுபோட்டு உக்காந்திருக்கறேன்டா! வெளக்கப் போட்டுக் காமிச்சே கொன்னுபோட்டேன்!"

"என்னங்க அக்கா? மீனுங்களா?"

அவனுக்கு எங்கே புரியப்போகிறது? நான் அழுதபடியே கத்தினேன். அப்பாவுக்குச் செய்ததையே மறுபடியும் செய்யப் பார்க்கிறாயா, நான் மறுபடி சினிமா பார்த்துக்கொண்டு வந்து பந்தலில் இறங்கவேண்டுமா, முருகன்மேல் சத்தியம் பண்ணினாயே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எதிர்ப்பக்கம் அவனும் அழுதான்.

"நான் என்னங்க அக்கா பண்றது? அம்மாவும் சத்தியம் வாங்கீட்டாங்க. அவ அங்க பனியில தனியாக் கெடப்பா, ஒரு வார்த்த சொல்லப்படாதுன்னு. ஆடி மாசம் கண்டுபிடிச்சாங்க. வயித்துல கட்டிங்க. நாலு கீமோ முடிஞ்சுது. போன வாரம் டாக்டரு போதும்னு சொல்லிப்போட்டாருங்க."

"போதும்னா? கொணமாயிருச்சா?"

"இல்லீங்க அக்கா. ஊட்டுல வெச்சுப் பாத்துக்கச் சொல்லீட்டாரு."

ஆடி மாதம் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. ஆவணியிலும் இருந்தது. அது இப்போது எந்த ஊரில் எந்த மேஜையில் கிடக்கிறதோ, இணையத்தில் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் மாறாமல் நிற்கிறது. தம்பிமேல் கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. அவனும் என்னைப்போல ஒரு விளக்கை வாங்கி, நல்ல மனசோடு என் பக்கமாகத் திருப்பி வைத்தவன்தான்.

அம்மாவிடம் கொடு என்றேன். வேண்டாமுங்க அக்கா என்றான். கொடு என்றேன். போன் நடந்து போனது. கட்டில் தெரிந்தது. அம்மா துண்டை எடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை தலைக்குப் போனது. பிறகு பாதியிலேயே இறங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டானா?"

"சொல்லிப்போட்டானுங்கம்மா."

மகி என் பின்னால் வந்து நின்றாள். தோளில் கை வைத்தாள். அவள் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டாள். மெதுவா வா, வேலையைக் கெடுத்துக்காதே, இப்ப எதுக்கு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள்.

"எப்பக் கண்ணு வாரே?"

அடுத்த வாரம் வாரேனுங்கம்மா என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்திருக்கும். எனக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

"தெரியலீங்கம்மா" என்றேன். "பாஸ்போர்ட் என்ற கையில இல்ல. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கித் தம்பியை அனுப்பச் சொல்றேன். திங்கக்கிழம காலைல அந்த ஆபீஸ் வாசல்லயே போயி நிக்கறேன். இருந்தாலும் எத்தன நாளாகும்னு தெரியலீங்கம்மா."

அங்கே தலைக்கு மேலே ஏதோ விமானம் போனது, அந்தச் சத்தம் ஓயட்டும் என்று அம்மா காத்திருந்தாள். பழைய அம்மாவாக இருந்தால் அதையும் மீறிக் கத்தியிருப்பாள். சத்தம் ஓய்ந்ததும் என்னைப் பார்த்தாள்.

"செரி கண்ணு" என்றாள். "அது வரைக்கும் இருக்கப் பாக்கறேன்."